நான்காவது தட்டு

நாடகம் என்றால் சிரிக்கவைப்பது என்றுதான் கிடங்கில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்படி நினைக்கவைத்தவர் கொக்கி.

மூட்டை தூக்குகிறவர்கள் மத்தியில் அப்பா அம்மா வைத்த பெயர் ரொம்ப நாள் தாங்காது. மூட்டையைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கியை, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், தோளில் மாட்டிக்கொண்டே திரிந்ததால் இவர் கொக்கி. உயரத்துக்காக ஒருவன் நெட்டை. மேஸ்திரி மட்டும் மேஸ்திரி. அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, அவர் காதில் விழும்படி யாரும் சொல்வதில்லை.

"எம் பொண்ணு நாடகம் எழுதியிருக்கு. எழுதினது மட்டுமில்ல, அதுவே நடிக்குது" என்று காலையிலிருந்து லாரிக்கும் அடுக்குக்கும் நடுவே போகிறபோதும் வருகிறபோதும் சொல்லிக்கொண்டிருந்தார். முதுகில் மூட்டை இருக்கும்போது எவனும் வாயைத் திறக்கமாட்டான், மூச்சு கலைந்துவிடும். அன்று கொக்கி திறந்தார்.

"கதை என்னண்ணே?" என்றான் நெட்டை.

"நம்ம வீட்டுக் கதைதானாம்."

"உங்க வீட்ல கதை வேறயா? உங்க குறட்டையை மேடையில போட்டாலே போதும், ஜனம் நாற்காலியைத் தூக்கிட்டு ஓடிடும்."

மேஸ்திரி சிரித்தார். கொக்கியும் சிரித்தார். வேலை முடிந்ததும் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினார்கள்.

உண்மையில் மகள் அவரை அழைக்கவில்லை. அவளுக்கு மருந்துக் கடையில் வேலை. சாயங்காலம் ஒரு நாடகக் குழுவோடு சேர்ந்துகொள்வாள். "நீ வரவேணாம்பா. ஒரே இடத்துல உட்கார உனக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். போய் நின்றால் பெண் மலைத்துப்போவாள், கூட நாலு பேர் இருந்தால் பெருமைப்படுவாள் என்று கொக்கி கணக்குப் போட்டார். இது ஒரு தகப்பன் போடுகிற கணக்குதான். தப்பாகப் போனது.

மகன் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வாரத் தொடக்கத்தில் காய்ச்சல் என்று படுத்தான். வாரம் முடிவதற்குள் அவன் முடிந்துவிட்டான். யாரையும் குற்றம் சொல்ல வழியில்லாத சாவு. திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தாலாவது வீட்டில் பேச்சுச் சத்தம் இருந்திருக்கும். மனைவி கொக்கியிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை செலவழிப்பதில்லை. "தண்ணி நின்னுடுச்சு." "கதவைச் சாத்துங்க." அவ்வளவுதான். ஏன் இப்படி என்று அவர் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

டயர் கடைக்கு மாடியில் இருந்தது அந்த மண்டபம். பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் சுற்றுகிற ஒரு பெரிய மின்விசிறி, கீழேயிருந்து ஏறி வருகிற ரப்பர் வாடை. இவர்கள் போனபோது நாடகம் தொடங்கிவிட்டது. இருட்டில் தட்டித் தடவிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் மனைவியின் கொண்டை தெரிந்தது.

மேடையில் ஒரு மேஜை, நாலு நாற்காலி. மகள் தலையில் வெள்ளைப் பவுடர் தட்டிக்கொண்டு, முதுகைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டு, அம்மாவாக நடித்தாள். மகள் வேஷத்தில் ஒரு மெலிந்த பெண். அப்பா வேஷத்தில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். அந்த வாத்தியார்தான் கூட்டத்தைப் பிடித்தார். முதல் காட்சியில் ஒட்டிய வயிறு. விளக்கு அணைந்து எரிந்தால் சட்டைக்குள் ஒரு துண்டு கூடியிருக்கும். இன்னொரு முறை அணைந்து எரிந்தால் இன்னொரு துண்டு. மேடை மனைவியும் மகளும் தட்டைத் தொடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அந்த ஆள் மட்டும் குனிந்த தலை நிமிராமல் வாரி வாரித் தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, போன தடவை பானை, இந்தத் தடவை அண்டா" என்றான் நெட்டை.

கொக்கிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தொடையில் தட்டினார். "தின்னுறதைப் பாருடா! மூட்டை தூக்குறவன் கெட்டான்!"

மேஸ்திரி, "யோவ், மெல்ல" என்று சொல்லிக்கொண்டே தானும் குலுங்கினார். கொக்கியின் சிரிப்பு சாதாரணச் சிரிப்பில்லை. கிடங்கின் தகரக் கூரைக்குப் பழகிய சிரிப்பு. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரிப்பதைப் பார்த்து அவர்களுக்கும் சிரிப்பு வந்தது.

அப்போது மேடையில் அம்மா வேஷக்காரி தட்டுகளைப் பரப்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கை பழக்கத்தில் நான்காவதையும் வைத்து, அதிலும் சோற்றைப் போட்டுவிட்டு, போட்டது தெரியாமல் போய் உட்கார்ந்தாள். நாலாவது நாற்காலி காலி. வாத்தியார் தன் தட்டை வழித்து முடித்தார். அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் அந்த நான்காவது தட்டைத் தன் பக்கம் மெல்ல இழுத்தார்.

"எடுத்து வெச்சது வீணாப் போகக் கூடாதுல்ல" என்றார்.

கூட்டம் அதிர்ந்தது. கொக்கியும் சிரித்தார். பாதிச் சிரிப்பில் அந்த வாக்கியம் அவரிடம் வந்து சேர்ந்தது.

அது அவருடைய வாக்கியம். எழுத்துப் பிசகாமல் அவர் சொன்னது.

வாயை மூடினார். ஆனால் சிரிப்பின் வால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது. முன்வரிசையில் கொண்டை திரும்பியது. அந்தச் சிரிப்பு யாருடையது என்று மனைவிக்கு அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. திரும்பியது மட்டும் தெரிந்தது. கொக்கி நாற்காலியில் சறுக்கி நெட்டையின் தோளுக்குப் பின்னால் ஒளிந்தார். அவ்வளவு பெரிய உடம்பை ஒளிக்க அந்த மண்டபத்தில் இடமில்லை.

அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே அது நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சமைத்துக் கொடுத்திருந்தார்கள். மனைவி எழுந்து வந்து தட்டு வைத்தாள், நான்கு. மூவரும் அதைப் பார்த்தார்கள். கொக்கி தன்னுடையதைத் தின்று முடித்துவிட்டு, அந்த வாக்கியத்தைச் சொல்லி, நான்காவதையும் இழுத்துக்கொண்டார். மறுநாளும் நான்கு தட்டு. அதற்கு மறுநாளும். அந்த மாதங்களில் அவர் கிடங்கில் பேய்போல உழைத்தார். நெட்டையின் பங்கு மூட்டையையும் பிடுங்கி முதுகில் ஏற்றிக்கொண்டார், விழுந்தால் தூங்கிவிட வேண்டும் என்று. உழைத்த உடம்பு கேட்டது, போட்டார். சட்டைப் பொத்தான் தெறித்தது. ஒருநாள் மனைவி மூன்று தட்டு மட்டும் வைத்தாள். அன்று அவருக்குப் போதவில்லை. அதுவும் அவருக்கு ஞாபகம் இருந்தது.

மேஸ்திரி பக்கவாட்டில் திரும்பி அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்து முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார். அது போதும். புரிந்துவிட்டது என்று அர்த்தம். நெட்டைக்கு மட்டும் கடைசிவரை புரியவில்லை. அவன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தான்.

நாடகம் முடிந்ததும் நழுவிவிடத்தான் பார்த்தார். படிக்கட்டு ஒன்றுதான். கூட்டத்தோடு இறங்கி டயர் கடை வாசலை அடைவதற்குள் மகள் பவுடர் தலையோடு பின்னால் ஓடி வந்தாள். அம்மாவும் கூட வந்தாள்.

"அப்பா." மகளுக்கு மூச்சு வாங்கியது. "நீ வருவேன்னு எனக்குத் தெரியாதுப்பா."

"நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றார் கொக்கி, தரையைப் பார்த்து.

"அண்ணே, அந்த வயித்துக்காரர் யாருண்ணே? அப்படியே..." என்று ஆரம்பித்த நெட்டை பாதியில் கொக்கியின் வயிற்றைப் பார்த்தான். பிறகு மேஸ்திரியைப் பார்த்தான். அவன் உயரத்தில் ஓர் அடி குறைந்துபோனது.

நாளைக் காலை கிடங்கில் தன் பெயர் மாறிவிடும் என்று கொக்கிக்குத் தெரிந்தது. 'ரெண்டு தட்டு' என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், அதுதான் கொடுமை.

"உன்னைக் கேவலப்படுத்தணும்னு எழுதலப்பா. எனக்கு அப்ப கோவம். நான் பார்த்ததைத்தான் எழுதினேன்" என்றாள் மகள்.

"பார்த்தது சரிதான்" என்றார் கொக்கி. அதோடு நிறுத்தியிருக்கலாம். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார், தெருவில் போன முன்வரிசைக்காரர் ஒருவர்கூட நின்று பார்த்தார். லாரியில் ஏறுகிற பலகையில் கால் வழுக்கினால் எந்தக் கம்பி கிடைத்தாலும் பிடித்துக்கொள்கிற கை, அந்த நேரத்தில் ஒரு கம்பியைப் பிடித்தது. "ஏன் தின்னேன்னு உனக்குத் தெரியாதும்மா. அந்தத் தட்டு அப்படியே கிடந்தா உங்கம்மா கண்ணுல படும். யாருக்கு வெச்சோம்னு தோணும். அதான்... பசியாவது பாழாவது. தொண்டைக்குள்ள இறங்காது. தள்ளினேன்."

சொல்லி முடித்தபிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. எங்கிருந்து வந்தது? சொன்ன குரல்கூடத் தழுதழுத்தது, கேட்காமலே.

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நெட்டை தலையைத் தொங்கப்போட்டான். மேஸ்திரி தொண்டையைச் செருமி, "பெரிய மனுஷன்யா நீ" என்றார். இருபது வருஷத்தில் அந்த ஆள் யாரையும் அப்படிச் சொன்னதில்லை. வீட்டுக்குப் போகும்போது மனைவி, மகன் போன பிறகு முதல்முறையாக, அவருக்கு முன்னால் நடக்காமல் பக்கத்தில் நடந்தாள்.

அதற்கப்புறம்தான் வேதனை.

வெந்நீர் கேட்காமலே கிடைத்தது. மனைவி முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்: சின்ன வயதில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனது, பக்கத்து வீட்டு நாயைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தது. ஒன்றரை வருஷமாக அந்தப் பேச்சு ஒன்றுக்காகத்தான் கொக்கி ஏங்கிக் கிடந்தார். இப்போது கிடைத்தது, திருடிய பொருள்போல. அவள் சிரித்தால் இவருக்குக் குறுகுறுத்தது. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு கவளத்தில் எழுந்துவிடுவார். "என்ன, இவ்வளவுதானா?" என்பாள். அவள் குரலில் இருந்த கரிசனம் அவருக்குச் சூடு வைத்ததுபோல இருந்தது.

கிடங்கில் அதைவிட மோசம். நெட்டை அவர் பங்கு மூட்டையை ஓடி வந்து வாங்கினான். "நீங்க உக்காருங்கண்ணே, உங்க மனசுக்கு..." என்று இழுப்பான்.

"என் மனசுக்கு என்னடா? மூட்டையை வெச்சுட்டுப் போ!"

"கோவத்துலகூட தங்கம்ணே நீங்க."

திட்டினாலும் தங்கம், முறைத்தாலும் தங்கம். இதற்கு 'ரெண்டு தட்டு' என்று கூப்பிட்டே தொலைத்திருக்கலாம்.

மகள் அந்தக் காட்சியை மாற்றி எழுதினாள். அதே மண்டபத்தில் மறுபடி நாடகம் போட நாள் குறித்தார்கள், அதற்கு மறுநாளும் ஒன்று. இந்த முறை அப்பாவை அவளே முன்வரிசையில், அம்மா பக்கத்தில் உட்காரவைத்தாள். கிடங்கிலிருந்து பாதிப் பேர் வந்திருந்தார்கள்.

வாத்தியார் வயிற்றில் துண்டு இல்லை. நான்காவது தட்டு வந்தபோது கூட்டத்தில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. வாத்தியார் அம்மா வேஷக்காரியின் முதுகைப் பார்த்தார். அவள் திரும்புவதற்குள் தட்டை இழுத்தார். ஒவ்வொரு கவளத்தையும் கல்லை விழுங்குவதுபோல விழுங்கினார். கண்ணீர் சோற்றில் விழுந்தது. பின்னால் யாரோ விசும்பினார்கள். திரும்பிப் பார்க்காமலே அது நெட்டை என்று தெரிந்தது. கொக்கி மேடையைப் பார்க்கவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் கவிழ்த்து முழங்காலில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகள் அப்படித் தின்னவில்லை.

விளக்கு எரிந்ததும் ஜனம் அவரிடம் வந்தது. முன்பின் தெரியாதவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஓர் அம்மாள் "எங்க வீட்டு மனுஷனும் இருக்கே!" என்று தன் புருஷனை முழங்கையால் இடித்தாள். கொக்கி ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார். ஆட்ட ஆட்டக் கழுத்து கனத்தது. இத்தனை வருஷத்தில் அவர் சுமந்ததில் இப்படி இறக்கிவைக்க இடமில்லாத சுமை எதுவும் இருந்ததில்லை.

கூட்டம் கரைந்த பிறகு, மேடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறைக்கு மகளைப் பார்க்கப் போனார்கள். போகிற வழியில், திரைக்குப் பக்கத்தில் மனைவி நின்றாள்.

"ஒண்ணு சொல்லணும் உங்ககிட்ட."

"வீட்ல சொல்லலாம்."

"இல்ல, இப்பவே. நான் உங்களை மனசுக்குள்ள ரொம்பத் திட்டிட்டேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. நீங்க எனக்காகப் பண்ணியிருக்கீங்க, எனக்குத் தெரியாமப் போச்சு. மனசுல வெச்சுக்காதீங்க." சொல்லிக்கொண்டே அவள் அவர் முழங்கையைப் பிடித்தாள். "மன்னிச்சிடுங்க."

அவர் பொறுத்துக்கொள்ளக்கூடியவற்றின் எல்லை அதுதான். மேஸ்திரி கும்பிட்டாலும் தாங்கியிருப்பார். இது முடியவில்லை.

"பசிச்சுது" என்றார்.

"என்னது?"

"பொய் சொன்னேன். உனக்காகவும் இல்ல, ஒருத்தருக்காகவும் இல்ல. பசிச்சுது, தின்னேன்."

அவள் கை முழங்கையிலேயே இருந்தது. அறைக்குள்ளிருந்து மகள் எட்டிப் பார்த்தாள், பாதிப் பவுடர் துடைத்த தலையோடு. அவளுக்குப் பின்னால் வாத்தியார் சட்டையை மாற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"முதல் நாளு..." கொக்கிக்கு இப்போது நிறுத்த முடியவில்லை. "அவனை வெச்சுட்டு வந்தோமே, அன்னிக்குத்தான் ரொம்பப் பசி. மூணு நாளா ஆஸ்பத்திரி வாசல்ல ஒண்ணும் தின்னல. அந்தச் சோறு... ருசியா இருந்துச்சு. அதுதான். பாவி, எனக்கு ருசியா இருந்துச்சு. அவன் தட்டுன்னு தெரியும். தெரிஞ்சுதான் இழுத்தேன்."

மனைவி கையை எடுத்துக்கொண்டாள். அங்கே கிடந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

"அப்ப நான் திட்டினது சரியாத்தான் திட்டியிருக்கேன்" என்றாள்.

"ஆமா."

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னால அழுதுக்கிட்டே சொன்னீங்களே."

"அழுதது எனக்கே தெரியல. தானா வந்துச்சு."

மகள் முன்னால் வந்தாள். முகம் சிவந்திருந்தது; அழுகையா கோபமா என்று சொல்ல முடியாது. "ஏம்ப்பா இப்படி? ரெண்டு வாரமா இதைத்தானே ஒத்திகை பார்த்தோம்? நீ வந்து உக்காந்து பார்க்கவும் செஞ்ச. நாளைக்கு இன்னொரு ஷோ இருக்கு, நான் எதைப் போடுவேன்?"

"முதல்ல எழுதினதையே போடு."

"சிரிப்பாங்கப்பா."

"சிரிக்கட்டும்."

"கிடங்குல இருந்து வருவாங்க."

"அவனுங்களும் சிரிக்கட்டும். நானே சிரிச்சவன்தானே."

வாத்தியார் மெதுவாகத் தன் பையைத் திறந்து துண்டுகள் இருக்கின்றனவா என்று பார்த்தார். பார்த்ததற்காக வெட்கப்பட்டதுபோல உடனே மூடினார்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். "நீ சொல்லும்மா. என்ன போடட்டும்?"

"என்னைக் கேட்டா?" என்றாள் அவள். "உன் நாடகத்துல நான் ஊமை மாதிரியே உக்காந்திருக்கேன். முதல் தடவையும் அப்படித்தான், இன்னிக்கும் அப்படித்தான். நான் சும்மாவா உக்காந்திருந்தேன்? உள்ளுக்குள்ள என்னென்ன திட்டினேன் தெரியுமா? அதைப் போடு."

"நீ வாய் தொறந்து ஒண்ணும் சொல்லலையேம்மா. எனக்கு எப்படித் தெரியும்?"

"இப்ப சொல்றேன்."

எழுந்தாள். கொக்கிக்கு நேர் எதிரே வந்து நின்றாள். குள்ளமான பெண், அவர் மார்பளவுதான் இருப்பாள். கொக்கி தோளைக் குறுக்கிக்கொண்டார், மூட்டை ஏறுவதற்கு முன்னால் குறுக்குவதுபோல.

"ஏய்யா" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் ஒருமையில் அழைத்ததில்லை. மகள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. "புள்ளையை மண்ணுக்குள்ள வெச்சுட்டு வந்து கால்கூடக் காயல. அவன் தட்டை இழுத்து வழிச்சுத் தின்னியே. நான் ஒரு வாய் தண்ணி முழுங்க முடியாமக் கெடந்தேன். நீ விரல் இடுக்குல ஒட்டினதையும் விடல. உனக்குத் தொண்டையில இறங்குச்சாய்யா?"

வாத்தியார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஒரு கணம் கொக்கிக்கு அந்தப் பழைய கம்பி மறுபடியும் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. கண்ணைத் துடைத்தால் போதும், பாதி நம்பிவிடுவாள்.

"இறங்குச்சு" என்றார்.

"நிமிர்ந்து சொல்லு."

நிமிர்ந்தார். "இறங்குச்சு."

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். இன்னும் நிறைய இருந்தது அவளிடம், ஒன்றரை வருஷத்துக்கானது. மகள் பெட்டி ஓரத்தில் உட்கார்ந்தாள். மனைவி அடுத்ததைத் தொடங்கினாள். கொக்கி இருந்த இடத்தை விட்டு அசையாமல் நின்று கேட்டார்.